சுத்தமான திசு

மீன் சூப்பில் நூடுல்ஸ் போடுவது பாயா ஊர்க்காரர்களின் பழக்கம், ஐயா. எங்கள் செகெத் நகரத்தில் யாரும் போட மாட்டார்கள். வீட்டுக்கு வந்துபோன நர்ஸ் பிரோஷ்கா அந்தப் பாயா ஊர்க்காரி. ஒருநாள் அவள் சூப் கொண்டுவந்தாள். படுக்கையிலிருந்த என் தம்பி போல்திஷார் பாத்திரத்தை எட்டிப் பார்த்தான்.

“ஏம்மா, கேன்சர் பத்தாதுன்னு நூடுல்ஸ் வேறயா?”

“பேசாம சாப்பிடு. டிராம் ஓட்டினவனுக்கு ருசியைப் பத்தி என்ன தெரியும்?”

அப்போதெல்லாம் அவனால் சிரிக்க முடிந்தது.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். மூளைச் செல்லின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன; வாசலில் இருக்கும் அழைப்பு மணி மாதிரி. மார்ஃபின் வந்து அழுத்தினால், உள்ளே ஒரு புரதம் விழித்துக்கொண்டு ஒரு சின்ன மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் அந்த மூலக்கூறில் கதிரியக்கம் ஏற்றித் திசுவோடு கலக்கிறோம். எவ்வளவு கதிரியக்கம் ஒட்டுகிறதோ, அவ்வளவு மணி அடித்திருக்கிறது. இறந்தவரின் மூளையிலும் அடிக்கும், சீக்கிரம் உறையவைத்துவிட்டால்.

புற்றுநோயில் இறந்தவர்களின் மூளையில் அந்த மணி சன்னமாகத்தான் அடிக்கிறது. கண்டுபிடித்தவள் நான். நோய் அதைத் தேய்க்கிறது என்று எழுதினேன். கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் மாதக்கணக்கில் மார்ஃபின் எடுத்தவர்கள். தேய்த்தது நோயா, மருந்தா, எப்படிச் சொல்வீர்கள் என்றார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, கடுமையான வலியோடு, மார்ஃபின் இல்லாமல் இறந்த ஒருவரின் மூளை வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும்? வலியில் துடிப்பவருக்கு மருந்து தராமல் எந்த டாக்டர் இருப்பார்?

போல்திஷாருக்குக் கணையத்தில் கட்டி. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. என் வீட்டுக்கே அழைத்துவந்தேன். மூளையைத் தானம் செய்வதாக அவனே கையெழுத்துப் போட்டான். நான் கட்டாயப்படுத்தவில்லை.

“எடுத்துக்கோ அக்கா. நான் அதை அதிகம் உபயோகிச்சதில்ல, புதுசு மாதிரியே இருக்கும்” என்றான்.

பிரோஷ்கா ஊசிகளில் மார்ஃபினை நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவாள். நேரத்துக்குப் போடுவது என் பொறுப்பு. அவள் படி இறங்கியதும் மருந்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, உப்பு நீரை நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். முதல் ஊசியிலிருந்தே அப்படித்தான். அவன் உடம்பில் மார்ஃபின் ஒரு சொட்டுகூட இறங்கியதில்லை.

வலி ஏறியது. பிரோஷ்கா டாக்டரிடம் சொல்லி அளவைக் கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள்.

“இவ்வளவு போட்டும் கேக்கலையே டாக்டரம்மா. குதிரைகூடத் தூங்கியிருக்கும்.”

“அந்தக் குதிரையைக் கூட்டிட்டு வா. பேச்சுத் துணைக்காவது ஆகும்” என்றான் அவன். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கினான்.

அவன் போட்ட கடைசி ஜோக் அது. அதற்குப் பிறகு தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தான். உறை கிழிந்தது; மாற்றினேன். கீழ்வீட்டுக்காரர் வந்து, சத்தத்தில் குழந்தை பயப்படுகிறது என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

“அக்கா, சரக்கு சரியில்ல போலிருக்கு. வேற ஏதாவது செய்யேன்.”

“என்னால என்னடா செய்ய முடியும்?” என்றேன்.

அது பொய் இல்லை, ஐயா. உண்மையிலேயே என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. யோசித்துப் பாருங்கள். மனம் இளகி ஒரே ஒரு ஊசி நிஜமாகப் போட்டிருந்தால், அதுவரை அவன் பட்டது அத்தனையும் வீணாகியிருக்கும். ஒவ்வொரு நாளும் அவன் பட்ட வலி, அடுத்த நாள் என் கையை இன்னும் இறுக்கிக் கட்டியது. நானும் அவனைப் போலத்தான் அகப்பட்டுக்கொண்டேன்.

அவனைக் கொன்றது கட்டி. நான் இல்லை.

உங்கள் மேஜையில் இருக்கிறதே, ரத்தத்தில் மார்ஃபின் இல்லை என்று சொல்லும் அறிக்கை, அதை யாரும் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கவில்லை. நானேதான் கேட்டு வாங்கினேன். அந்தச் சான்று இல்லாமல் அந்தத் திசுவுக்கு மதிப்பே கிடையாது. நான் அதை ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டினேன். பிரோஷ்கா கொடுத்த மருந்துக் கணக்கோடு யாரோ அதை ஒப்பிட்டுப் பார்த்து, உங்களிடம் புகார் கொடுத்துவிட்டார்கள்.

முடிவு என்ன என்றா கேட்கிறீர்கள்? இதுவரை யாருமே கேட்கவில்லை. மணி சன்னமாகத்தான் அடித்தது, மற்றவர்களுக்கு அடித்ததைப் போலவே. மருந்தே இல்லாமல் தேய்ந்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு மூளையை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது; மறுபடியும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் கல்நெஞ்சுக்காரி என்று பிரோஷ்கா சொன்னாளாம். அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அந்த உப்பு நீரை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்து, வெதுவெதுப்பானதும்தான் போடுவேன். சில்லென்று இறங்கினால் அவனுக்கு வலிக்கும்.