எண்ணெய்க் கப்பல் மாப்பிள்ளை

— ஏனுங்க தேவசிகாமணி தம்பி, நேவின்னு சொன்னதால தான பொண்ணக் குடுக்க ஒத்துக்கிட்டேன்? இப்ப வந்து பீரங்கிக் கப்பல் இல்லைங்கறீங்க!

— பேருக்கு ரெண்டு சின்ன பீரங்கி இருக்குதுங்க மாமா. எங்களுது எண்ணெய்க் கப்பலுங்க. நடுக்கடல்ல போர்க்கப்பலுக்கெல்லாம் எண்ணெய் ஊத்தறதுதான் வேலை.

— போச்சு! மாமனார் ஞானசுந்தரம் ஓட்டறது எஸ்டேட் லாரி, மாப்ள ஓட்டறது டேங்கர்னு வெள்ளக்கடை ஊர் பூரா சிரிக்கும். ஞாயித்துக்கெழம கோயில்ல ஃபாதர் கல்யாண ஓலை வாசிச்சு, இன்னாருக்கு இன்னார்னு ஊருக்கே சொல்லோணும். இந்தப் பேப்பரப் பாருங்க. எந்த நாட்டுக்கு எத்தன கப்பல், எத்தன பீரங்கின்னு வரிசையாப் போட்டிருக்கான். இதுல உங்களுது எங்க?

— அதுல போட மாட்டாங்க. ஒண்ணு கேக்கறனுங்க. நூறு கப்பல் இருக்குது, எண்ணெய் தீந்துருச்சு. அப்புறம்?

— கரைக்குத் திரும்போணும்.

— திரும்பி, ரொப்பிட்டு, மறுக்காப் போறதுக்குள்ள சண்டையே முடிஞ்சுருமுங்க. நாங்க கூட இருந்தா மாசக்கணக்குல கடல்லயே நிப்பாங்க. ஒரு நாட்டு நேவின்னா எவ்வளவு தூரம் போவான், எத்தன நாள் நிப்பான்? எங்காளுங்க அதத்தான் மொதல்ல கேப்பாங்க.

— அட! போன வருசம் உர மூட்டையோட மலை ஏறறப்ப, பதினாலாவது வளைவுல டீசல் தீந்து நின்னேன். புத்தம்புது லாரி. ஓட்ட ஜீப்பெல்லாம் தாண்டிப் போச்சு. சரி, நிறுத்தி வெச்சுட்டுத்தான ஊத்துவீங்க?

— ஓடிக்கிட்டேதானுங்க. அலையில ரெண்டு கப்பலும் பக்கம் பக்கமா, ஒரே வேகத்துல போகோணும். நடுவுல குழாய்.

— ஓடற லாரில இருந்து ஓடற லாரிக்கா! மாதாவே! இருவது வளைவும் மனப்பாடமா ஓட்டறவன் நானு, எனக்கே வராது சாமி. இந்தப் பேப்பர்க்காரன் பீரங்கிய எண்ணிக்கிட்டிருக்கான் பாருங்க, கூறு கெட்டவன். மொதல்ல உங்களைத்தான எண்ணோணும்!

— எதிராளி எங்களத்தானுங்க மொதல்ல எண்ணுவான்.

— அப்படின்னா... சண்டை வந்தா மொதல்ல உங்களத் தேடித்தான் வருவானா?

— ஆமாங்க மாமா.

— தம்பி, எனக்கு இருக்கறது ஒத்தப் பொண்ணுங்க. ஓலைய நிறுத்தச் சொல்லிரட்டுமா? செல்வி, காப்பிய வெச்சுட்டு உள்ள போ கண்ணு.

— போறனுங்கப்பா, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு. இல்லைன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்க. கல்யாணமே நின்னுரும்னு தெரிஞ்சும் ஆமான்னாரு. இவரையே கட்டிக்கறனுங்க, ஓலைய வாசிக்கச் சொல்லுங்கப்பா.