மஞ்சள் ரோஜாக் குச்சி

ஜான்சன் சார், மொட்டை மாடித் தொட்டிகளில் மாவுப்பூச்சி எப்படி வந்தது என்று வீட்டுக்கு வீடு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தீர்கள். கோட்டூர்புரத்தில் ஒரு அடுக்ககத்துக்குச் செயலாளர் என்றால் இதுவும் ஒரு வேலை, பாவம். ரோஜாக் குச்சி விஷயத்தில் நான் கறார் என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டுக்குக் கொடுத்தபோதும் இலைகளைக் கிள்ளி, சோப்புத் தண்ணீரில் கழுவி, வேப்பெண்ணெய் கலந்த தண்ணீரில் முக்கித்தான் கொடுத்தேன். இருபது நாள் தனியாக வையுங்கள், மற்ற தொட்டிகளோடு சேர்க்காதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னேன்.

எதிர்வீட்டு மேகலாவிடம் மொட்டை மாடியில் ஒரு பன்னீர் ரோஜா இருந்தது. அவள் மகள் அனு ஏழு வயதில் நட்டது. அந்த மழைக்காலத்திலேயே டெங்குவில் குழந்தை போய்விட்டது. அதிலிருந்து மேகலாவுக்கு அந்தச் செடிதான் அனு. பூ விட்டால் போதும், மாடிப்படியிலிருந்தே குரல் வரும். "ஸ்வர்ணாக்கா, இன்னிக்கு அனு ரெண்டா வந்துகீது, வந்து பாரேன்." ஆறு வருஷம் நானும் போய்ப் பார்த்தேன். எனக்குப் பிள்ளை இல்லை. பார்த்துப் பார்த்து அலுத்துப்போனது, சார்.

ஒரு குச்சி கேட்டேன். மூன்று தரம் கேட்டேன். "கோச்சுக்காதக்கா, அத்த மட்டும் வெட்ட மனசு வரல" என்றாள். கேட்டு வாங்கிய ரோஜா வேர் விடாது, திருடி நட்டால்தான் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்வதுதானே. ஆடி மாதத்தில் அவள் பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போன ஒரு சனிக்கிழமை, ஒரு குச்சி வெட்டினேன். கழுவி, முக்கி, என் சமையலறைப் பால்கனியில் தனியாக வைத்தேன். பிடித்துக்கொண்டது. தை மாதம் முதல் பூ வந்தது.

அதன் பிறகுதான் தொல்லை. மாடியில் ஒரு அனு, என்னிடம் ஒரு அனு. ஒரு குழந்தை இரண்டு வீட்டில் எப்படி இருக்கும்?

மாடியில் இருந்த என் மஞ்சள் ரோஜா மேல் மேகலாவுக்கு ரொம்ப நாளாகக் கண். அதில் ஒரு கிளையில் மாவுப்பூச்சி வந்திருந்தது. வழக்கமாக அப்படிப்பட்ட கிளையை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுவேன். அந்த முறை வெட்டவில்லை. "நங்கநல்லூர் கோயிலுக்குப் போறேன் மேகலா, வர சாயங்காலமாவும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அந்தக் கிளையைக் காணோம். திருடியவள், எப்படிக் கழுவுவது என்று என்னிடம் கேட்க முடியாது. தனியாக வைத்தால் என் கண்ணில் பட்டுவிடும். அதனால் அனுவின் தொட்டியிலேயே, இலை மறைவில் செருகியிருந்தாள். அங்கேதான் செருகுவாள் என்று எனக்குத் தெரியும்.

மூன்று வாரத்தில் எறும்பு ஏறியது. "இன்னாக்கா இது, வெள்ளையா பஞ்சு மாரி கீது?" என்று வந்து கேட்டாள். பனிக்கு அப்படித்தான் இருக்கும், எறும்பு செடிக்கு நல்லது, கை வைக்காதே என்றேன். அந்தப் பூச்சியைக் கிளைக்குக் கிளை தூக்கிக்கொண்டு போவதே எறும்புதான்.

சித்திரை வெயிலில் செடி காய்ந்து விறகானது. உங்கள் தொட்டிகளுக்கும் பரவியதில் எனக்கு வருத்தம்தான். அதை நான் நினைக்கவில்லை. மேகலா காய்ந்த செடியோடு வந்து என் வாசலில் உட்கார்ந்தாள். "உன் மஞ்சள் ரோஜாவ நான்தான் திருடினேன்க்கா. அதான் எம்பொண்ணு ரெண்டாவது தபாவும் பூட்டா. நீ கேட்டப்பவே குடுத்திருந்தா உங்கிட்டயாவது ஒண்ணு இருந்திருக்கும்" என்று அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். பால்கனிக் கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தேன்.

செய்தது நான்தான். மறைக்கவில்லை. என் செடியிலிருந்து அவளுக்கு ஒரு குச்சி கொடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் தொட்டிகளில் இன்னும் பூச்சி இருக்கிறது, சார். பூச்சி பிடித்த வீட்டுக்கு என் பிள்ளையை எப்படி அனுப்புவேன்?