ஒற்றைப் பிள்ளை பள்ளிக்கூடம்

சிவகாசி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண், சிவகாசிப் பள்ளிக்கூடத்துப் புது யூனிஃபார்ம் போட்ட மகளை மடியில் வைத்திருந்தாள். வெம்பக்கோட்டையில் ஓடிவந்து ஏறிய அவள் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றபடியே சொன்னார்: "உன் மக நம்ம ஊரு பள்ளிக்கூடத்துல உக்காந்திருந்தாத்தான் நம்ம ஆடு மேயும்."

"என்னண்ணே சொல்லுதீக?"

"பள்ளிக்கூடத்துல மிச்சம் இவ ஒருத்திதான். இவளும் போயிட்டா பூட்டிருவாக. பள்ளிக்கூடம் இருக்கப்போயிதான் பக்கத்துல பட்டாசுக் கம்பெனிக்கு லைசென்ஸ் குடுக்கல. பூட்டுனா கம்பெனிக்காரன் மேய்ச்சக்காட்டுல வேலி போட்டுருவான். பத்து வீடும் ஆட்டை நம்பித்தான இருக்கோம்?"

"அதுக்கு எம் மக காவலுக்கு இருக்கணுமா? பேச ஒரு பிள்ளை இல்லாம, வீட்டுக்கு வந்து ஆட்டுக்குட்டிகிட்ட பேசுதாண்ணே."

"ஒரு வருசம் பொறு தாயி."

"உங்க மகன் எங்கன படிக்கான்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவள் மறுபடியும் கேட்டாள். இந்தமுறை பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"சிவகாசியிலதான்" என்றார். "ஆனா நான் அவனை அங்கன கூட்டிட்டுப் போகையில நம்ம பள்ளிக்கூடத்துல உன் மக இருந்தாளே."