பந்த் சொன்னவன் டிக்கெட் எடுக்கலாமா?

...பதினொரு மணிக்கு ‘லஞ்ச் கே பாத் ஆவோ’ன்னு டிக்கெட் ஜன்னலச் சாத்தினா என்ன தம்பி அர்த்தம்? பதினொரு மணிக்கு எந்த ஊர்ல சோறு திங்கான்? அதான் சத்தம் போட்டேன். அந்த கவுண்டர் பாபு மாஃபி, அதான் மன்னிப்பு, கேக்குற வரைக்கும் ஒருத்தனும் சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் எடுக்கக் கூடாது, பந்த்! மொத்த லைனும் கை தட்டிச்சு, பாத்தீயல்ல? வேதநாயகம் வாயத் தெறந்தா அப்படித்தான்!

ஜங்லிகாட்ல வெல்டிங் பட்டறை வச்சிருக்கவன்தானேன்னு நெனைக்காதீய. ஊர்ல ஆத்தங்கரைக் கெமிக்கல் ஆலைய நாப்பதே நாள்ல மூட வச்சவன் நான். ஆறு சோப்புத் தண்ணியா நுரைச்சுது, மீனெல்லாம் மல்லாக்க மிதந்துது. துண்டறிக்கை போட்டேன்... ‘உழைப்பவனே, உன் ஆற்றுக்குக் கணக்குக் கேள்!’ மூடினான். சம்பளத்தையும் சேத்து மூடினான். டீக்கடை, சலூன் எல்லாம் ஈயடிச்சுது. என்னையக் கண்டா ஊர்க்காரன் எதிர்த்த பக்கம் போவான். அப்படித்தான் இந்த அந்தமானுக்குக் கப்பலேறினது.

இப்ப அதே எடத்துல பெட்ரோகெமிக்கல் ஆலை. ஒண்ணில்ல, மூணு! ஆத்துப் பள்ளத்தாக்கே எந்திரிச்சு உக்காந்துட்டுதாம், பேப்பர்ல போடுதான். பிளாஸ்டிக் குருணை செய்வானாம், அதுல வாளி செஞ்சு நமக்கே விப்பான், அந்த வாளிய வச்சு அந்த ஆத்துத் தண்ணியவே நாம மோக்கணும்! கறுப்புக்கொடியோட போவணுமா வேண்டாமா?

கொடியா... பைலதான் கெடக்கு. இந்தா, சட்டைக்கு அடியில. ஆமா, புதுச் சட்டை. எதுக்கா? ...எம் மக ஷீலா அங்கனதான் எஞ்சினியர். கழிவுத்தண்ணி சுத்தம் பண்ணுத பிரிவு. வெள்ளிக்கிழம தெறப்பு விழா, மொத வால்வ அவதான் திருப்புதா. ‘நீங்க மூடினத நான் ஒழுங்கா தெறக்கேன், வந்து பாருங்கப்பா’ங்கா. திமிரப் பாத்தீயளா? யாரு பெத்த புள்ள! இந்தக் கப்பல விட்டா அடுத்தது பத்து நாள் கழிச்சு. பிளேனா? தொழிலாளி கப்பல்லதான் போவான்!

அதனால நான் என்ன சொல்லுதேன்னா... தம்பி? எங்க போறீய? ஜன்னலத் தெறந்துட்டானா? மாஃபி கேட்டானா? கேக்கலியா! அரே பாய், கை தட்டினவன்லாம் மொதல்ல ஓடுதான் பாரு... என்னது, இன்னும் ஒரே ஒரு பங்க் படுக்கை டிக்கெட்தானா? நான் எப்படி வருவேன், பந்த் சொன்னவனே நான்தானே! ...தம்பி, நீங்களுமா?

...வித்துத் தீந்துட்டுதா.

போன் வேற அடிக்கி. ஆமா ஷீலா... கப்பல் ஆபீஸ்லதாம்மா. டிக்கெட் கெடைக்கலம்மா, இங்க ஸ்ட்ரைக்கு. ...யாரு ஆரம்பிச்சதா? யாரோ ஒரு கெழட்டு மடையன்மா.