பள்ளத்தெருவுக்கு ஓர் அறிவிப்பு

மைக்கைப் பிடித்தவன் முதலில் இருமக் கூடாது மேடம். ஊரே சேர்ந்து இருமுவதுபோல் கேட்கும். இந்தக் குமரவேல் பாகூர்ப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக மைக் செட் வைத்திருக்கிறேன், ஒருநாள்கூட மைக்கில் இருமியதில்லை. தண்ணீர்த் தொட்டி மேல் கட்டியிருக்கும் என் குழாய் ஸ்பீக்கர் பள்ளத்தெரு கடைசி வீடு வரைக்கும் கேட்கும். அதனால்தான் ஆற்றில் வெள்ளம் வந்தால் ஊருக்குச் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

வெள்ளத்தன்று ஒரு வரி அறிவிப்புக்கு நாற்பத்தேழு நிமிடம் ஏன் ஆனது என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

எங்கள் ஊரில் மைக்கில் எதைச் சொன்னாலும் முதலில் பெரியவர்களின் பெயரைச் சொல்லியாக வேண்டும். ஆடு காணாமல் போனால்கூடப் பதினாறு பேரை 'அவர்களே, அவர்களே' என்று தாண்டித்தான் ஆட்டுக்கு வரமுடியும். ஒரு தீமிதியன்று பால் சொசைட்டி நாகராஜன் பெயரை மறந்து விட்டுவிட்டேன். "ஏன்டா, நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று மேடையேறி ஒயரைப் பிடுங்கிவிட்டார். அதற்குப் பிறகு அவர் சொந்தத்தில் நடந்த ஒரு கல்யாணத்துக்கும் என்னைக் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து யாரையும் விடுவதில்லை.

அடுத்து மணிவண்ணன். என் தங்கச்சி இளவரசியின் வீட்டுக்காரன். என்னிடம் ஒயர் சுற்றப் பழகியவன். தங்கச்சியைக் கொடுத்தேன், தொழிலையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். தனியாக செட் போட்டான். இந்த வருடம் தீமிதி ஆர்டரும் அவனுக்கே போனது. அதற்காகப் பீரோ உயரத்தில் பன்னிரண்டு பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கி, பள்ளத்தெருவில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் அடுக்கினான். "மச்சான், இது அடிச்சா ஒன் கொழா ஸ்பீக்கரு கொட்டாவி வுடற மாதிரிதான் கேக்கும்" என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் மழையில், மத்தியானம் சரியாக மூன்று மணிக்குத் தாலுகா ஆபீசிலிருந்து போன் வந்தது. மேலே அணையைத் திறந்துவிட்டார்களாம், ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஊருக்குள் வரும், பள்ளத்தெரு ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். சரி சார் என்றேன்.

நான் பதற்றப்படுகிற ஆள் இல்லை, கணக்குப் போட்டேன். பள்ளத்தெருவிலிருந்து பள்ளிக்கூடம் ஏற மனிதனுக்குப் பத்து நிமிடம் போதும். பன்னிரண்டு பெட்டியை டிராக்டரில் ஏற்ற அரை மணி நேரமாவது வேண்டும். நான் ஐம்பதாவது நிமிடத்தில் விஷயத்தைச் சொன்னால் ஜனங்கள் பிழைத்துக்கொள்வார்கள், பெட்டி முழுகிவிடும். இதில் யாருக்கு என்ன கெடுதல்?

பதினாறு பெயர் வழக்கமாக நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். அன்று ஒவ்வொருவருக்கும் அப்பா பெயர், படிப்பு, கோயிலுக்குச் செய்த டியூப் லைட் உபயம் எல்லாம் சேர்த்தேன். காலமான இரண்டு பேருக்கு மௌன அஞ்சலியும் உண்டு. ஜனங்கள் குடையோடு வாசலில் நின்று பொறுமையாகக் கேட்டார்கள். லாரி ஷெட் சூசைநாதன் மட்டும் நனைந்துகொண்டு ஓடிவந்தார். "யோவ், இன்னாய்யா விசயம்? சீக்கிரம் சொல்லித் தொலை!" என்றார். "உங்க பேரு பன்னெண்டாவது வருதுண்ணே" என்றேன். "அப்டியா" என்று ஓரமாக நின்று தலை துவட்டிக்கொண்டார்.

ஆனால் தண்ணீர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை, இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. இளவரசி மூன்று முறை போன் செய்தாள். பெயர் படிக்கும்போது போன் எடுப்பது மரியாதை இல்லை. மூன்றாவது முறை மட்டும் எடுத்து, "இளவரசி, அறிவிப்பு முடியட்டும்மா" என்று சொல்லி வைத்தேன். மைக் ஆனில் இருந்ததை மறந்துவிட்டேன். ஊருக்கே கேட்டிருக்கிறது.

தொட்டி மேட்டிலிருந்து பார்த்தால் பள்ளத்தெரு தெரியும். தண்ணீர் முழங்கால் வரை வந்ததைப் பார்த்தேன். அப்போது பதின்மூன்றாவது பெயரில் இருந்தேன். அங்கே நிறுத்தினால் மிச்ச மூன்று பேர் சும்மா விடுவார்களா? படித்து முடித்துத்தான், "ஆகவே வெள்ளம் வருகிறது" என்றேன். அதற்குள் இடுப்பளவு வந்துவிட்டது.

அடுத்து நடந்தது எனக்கே விளங்கவில்லை. மணிவண்ணன் பெட்டிகளுக்குள் ஸ்பீக்கரே இல்லையாம். அவை மறுநாள்தான் வரவிருந்தனவாம். ஷெட் தட்டி பிய்த்துக்கொண்டு பன்னிரண்டு காலிப் பெட்டியும் வாயைப் பிளந்தபடி தெருவில் மிதந்து வந்தன. பிள்ளைகளையும் கிழடுகட்டைகளையும் அதில் உட்காரவைத்து, ஆம்பளைகள் கழுத்தளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டே போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. கடைசிப் பெட்டியில் இளவரசி இரண்டு கோழிகளோடு வந்து இறங்கினாள்.

இப்போது மணிவண்ணனுக்கு மாலை போடப்போகிறார்கள். மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். மூன்று மணிக்கே நான் சொல்லியிருந்தால் அவன் பெட்டிகளை மேட்டுக்கு ஏற்றியிருப்பான். அப்புறம் ஜனங்கள் எதில் ஏறியிருப்பார்கள்? ஊரைக் காப்பாற்றியது யார் என்று ஒருவரும் யோசிக்க மாட்டேன் என்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பள்ளிக்கூட வராந்தாவில் இளவரசி ஈரப் புடவையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"பொட்டி முழுவட்டும்னுதான இழுத்த? அந்த வூட்லதானண்ணா நானும் இருந்தேன்."

"நீதான் நீஞ்சி வந்துருப்பியேம்மா" என்றேன்.

அவள் கோழிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

அவளுக்கு நீச்சல் தெரியாது மேடம். அது எனக்குத் தெரியும். பெட்டி மிதக்கும் என்பதுதான் தெரியாது.