கயிற்றின் உள்பக்கம்

படிப்பில் நான் எப்போதும் நல்ல மாணவன். பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்கள் போலீஸ் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் 'பயிற்சி பெற்றவரின் அனுபவமின்மை' என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இந்தத் தாள்களைக் கேட்டு வாங்கினேன். வண்டி மீட்புப் பயிற்சியின் எழுத்துத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவன் நான். மிச்ச இரண்டும் கையெழுத்துக்காகப் போனதாக டீச்சர் சொன்னார்.

டீச்சர் இப்போது உங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் தோல் கையுறை. அவருடைய பயிற்சி உரிமம் உங்கள் மேஜையில், தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மாணவன் மாட்டிய இணைப்பை நேரில் பார்க்காமல் விட்டார், அதனால் ஓர் உயிர் போனது என்று அவர்மேல் எழுதியிருக்கிறீர்கள். நான் உள்ளே வரும்போது, "என் தப்புதான் தம்பி, நான்தான் வந்து பார்த்திருக்கணும்" என்றார். அப்படி இல்லை. இதைப் படித்து முடித்ததும் அவரை நீங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

என் தொழில் கையேடு எழுதுவது. துணி துவைக்கும் இயந்திரம், மின் அடுப்பு, தண்ணீர் சுத்திகரிப்பான் எதை வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, அது. ஈரக் கையால் தொடாதீர்கள் என்று பதினொரு வகையாக எழுதியிருக்கிறேன். யாரும் படிப்பதில்லை. என் மனைவிகூடப் படித்ததில்லை. "எரிஞ்சா அணைச்சுக்கலாம், விடு" என்பாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள் அவள். வண்டி ஓட்டுவதில் எங்கள் இருவரில் அவள்தான் கெட்டிக்காரி. நான் பக்கத்து இருக்கை.

சேற்றில் வண்டி ஓட்டும் சங்கங்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வாரத்தில் ஆறு நாள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள், ஏழாம் நாள் நல்ல சாலையை விட்டு இறங்கி வேண்டுமென்றே சேற்றில் மாட்டிக்கொள்வார்கள். பிறகு ஒருவரை ஒருவர் இழுத்து வெளியே போடுவார்கள். கைதட்டல். படம் எடுப்பார்கள். பக்கத்திலேயே தார்ச்சாலை சும்மா கிடக்கும்.

அப்படி ஒரு சங்கத்துக்குத் தலைவர் என் மனைவியின் அண்ணன். எல்லோரும் அவரைக் கேப்டன் என்றார்கள். கப்பலும் கிடையாது, அணியும் கிடையாது. குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கிற கடை வைத்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, பெரிய டயர், வண்டி முழுக்க ஒட்டுப்படம். "அண்ணா, அந்த ஸ்டிக்கரையெல்லாம் உரிச்சா வண்டி எடை பாதியாயிடும்" என்று என் மனைவி சொல்வாள். அவர் சிரிப்பார். அவள் எது சொன்னாலும் அவருக்குச் சிரிப்பு வரும்.

எட்டு மாதம் முன்பு ஓடைச் சேற்றில் எங்கள் ஜீப் அச்சுவரை இறங்கிவிட்டது. உள்ளே அவள். கேப்டன் தன் வண்டியைக் கரையில் நிறுத்தினார். கயிற்றின் ஒரு முனையை அவள் வண்டியின் முன்கொக்கியில் மாட்டினார்கள். மறுமுனை கேப்டன் வண்டியின் பின்புறம், டிரெய்லர் கோக்க என்று நீட்டிக்கொண்டிருக்கிற இரும்பு உருண்டையில் மாட்டப்பட்டது. அந்த உருண்டை அதற்கானதல்ல. புதைந்த வண்டியை இழுத்தால் கழுத்தோடு முறியும். முறிந்ததை விறைத்த கயிறு, கவண் கல் மாதிரி திருப்பி அனுப்பும். முன்கண்ணாடி வழியாக வந்தது. கடைசி நிமிஷம் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று நான்கு பேர் என்னிடம் சொன்னார்கள். ஆறுதலாம்.

உருண்டையில் மாட்டியது தான்தான் என்று கேப்டன் எழுதிக் கொடுத்தார். உங்கள் அலமாரியிலேயே அந்தத் தாள் இருக்கும். விபத்து என்று முடித்துவிட்டீர்கள். அவருடைய அம்மா முடிக்கவில்லை. அன்றிலிருந்து மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவாராம்.

அதனாலோ என்னவோ, கேப்டன் தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வருவார். கையில் சாப்பாட்டு டப்பா. டிவியைப் போடுவார், பார்க்கமாட்டார். என் துணிகளை மடிப்பார். ஒருநாள் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்த்துவிட்டு வாஷர் வாங்கிவந்து போட்டார்.

"மாப்பிள்ளை, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"பொய். டப்பா அப்படியே இருக்கு."

பிறகு அவரே தட்டை எடுத்து வைப்பார். எனக்கு எதுவும் தோன்றியதில்லை. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. என் ஜீப்பின் கையேட்டை மட்டும் எடுத்துப் படித்தேன். நூற்றுப் பதினான்காம் பக்கம். 'டிரெய்லர் உருண்டையை மீட்புக்குப் பயன்படுத்தாதீர்கள்.' நல்ல வாக்கியம். நானாக இருந்தால் 'ஒருபோதும்' சேர்த்திருப்பேன்.

அப்புறம்தான் டீச்சரின் பயிற்சியில் சேர்ந்தேன். கேப்டனையும் சேர்த்துவிட்டேன். "அவளுக்காக வாங்க மச்சான்" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை.

டீச்சர் இருபது வருஷம் சாலையில் கவிழ்ந்த லாரிகளைத் தூக்கியவர். கைவிட்ட கல்குவாரியில் ஒரு தகரக் கொட்டகைதான் வகுப்பு. முதல் நாளே சொன்னார்: "கயிறு தளர்ந்திருக்கிற வரைக்கும்தான் கயிறு. இழுத்துட்டா அது துப்பாக்கி." கையுறை இல்லாமல் தொடக்கூடாது. விறைத்த கயிற்றைத் தாண்டக்கூடாது. கயிற்றின்மேல் கனத்த போர்வை போட வேண்டும், அறுந்தால் வேகம் குறையும். சைகை ஒருவர் மட்டுமே காட்ட வேண்டும். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கேப்டன் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும் சிரிக்க வைத்தார். செய்முறையில், விறைத்த கயிற்றை ஒரே எட்டில் தாண்டிப் போனார்.

"கேப்டன் சார், அது என்ன உங்க வீட்டு வாசப்படியா?" என்றார் டீச்சர்.

"பழக்கதோஷம் டீச்சர்."

"இந்தப் பழக்கத்துக்கு ரெண்டாவது வாய்ப்பு கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தார். அதன்பிறகு அவர் கயிற்றைத் தாண்டவே இல்லை. எதற்கும் என்னைக் கேட்க ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, எங்க நிக்கணும்?" நான் காட்டிய இடத்தில் நிற்பார்.

மூன்றாம் வாரம் கப்பி. இழுக்கும் வண்டியும் புதைந்த வண்டியும் நேர்க்கோட்டில் இல்லாதபோது, நடுவில் ஒரு மரத்தில் அகலமான துணிப்பட்டையைச் சுற்றி, அதில் கப்பியைத் தொங்கவிட்டு, கயிற்றை அதன் வழியாகத் திருப்புவார்கள். கயிறு வில் மாதிரி வளைந்து நிற்கும். வளைவுக்கு வெளியே நின்றால் பயமில்லை. உள்ளே நின்றால், கப்பி கழன்றுகொள்ளும் அன்று அது நேராக உங்களிடம்தான் வரும். படம் வரைந்து, உள்பக்கத்துக்குச் சிவப்பு அடித்து வைத்தேன். வகுப்பில் என் நோட்டைத்தான் எல்லோரும் நகல் எடுத்தார்கள்.

பட்டையையும் கப்பியையும் இணைப்பது ஷாக்கிள் என்கிற குதிரைலாட இரும்பு. அதன் வாயை ஒரு திருகாணி மூடும். ஆணியைக் கடைசிவரை திருகி, கால் சுற்று பின்னால் தளர்த்த வேண்டும். டீச்சர் ஒவ்வொருவர் இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்ப்பார். ஐந்தாம் வாரத்திலிருந்து என்னுடையதைத் தொடுவதில்லை. "உங்களுது எதுக்குப் பார்க்கணும்" என்பார். நான் கணக்கில் எடுத்துக்கொண்டது அதைத்தான். அதற்காக நீங்கள் அவரைக் கைது செய்வதாக இருந்தால், நல்ல மாணவன் கிடைத்த எல்லா ஆசிரியரையும் கைது செய்ய வேண்டும்.

செய்முறைத் தேர்வன்று நானும் கேப்டனும் ஒரு ஜோடி. பள்ளத்தில் ஆள் இல்லாத வண்டி. மேட்டுக்கு அந்தப் பக்கம், கயிற்றைச் சுருட்டி இழுக்கும் மோட்டார் பொருத்திய வின்ச் வண்டி, அதன் பின்னால் டீச்சரும் மற்றவர்களும். நடுவில் மரம். டீச்சர் நின்ற இடத்திலிருந்து மரத்தடி தெரியாது, மேடு மறைக்கும். முந்தின வாரமே போய் நின்று பார்த்திருந்தேன். கையுறை போட்டேன். பட்டையைத் தாழ்வாகச் சுற்றினேன். கப்பிக்கு இரு பக்கமும் கயிற்றின்மேல் போர்வை விரித்தேன். இதில் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆணியை மட்டும் இரண்டு மரை திருகினேன். ஒன்று என்றால் ஆரம்பத்திலேயே விழுந்துவிடும். மூன்று ஒருவேளை தாங்கிவிடலாம். இதற்குப் பெயர் அனுபவமின்மை இல்லை.

கேப்டன் வளைவுக்கு வெளியே, சரியான இடத்தில் நின்றிருந்தார். பாடம் ஏறியிருந்தது அவருக்கு.

"மச்சான், அங்கிருந்து சக்கரம் தெரியாது. இந்தப் பக்கம் வாங்க."

"இங்கயா? உள்பக்கம் ஆச்சே."

"இந்தக் கோணத்துக்குப் பரவாயில்ல."

ஒரு நொடி யோசித்தார். "நீ சொன்னா சரி" என்று வந்து நின்றார்.

நான் மேட்டின்மேல் ஏறி, வின்ச் பொத்தானைக் கையில் எடுத்துக்கொண்டேன். "மாட்டியாச்சா?" என்று டீச்சர் குரல் கொடுத்தார். "மாட்டியாச்சு" என்றேன். கேப்டன் கையைத் தூக்கி, இழு என்று சைகை காட்டினார். சைகை முறைப்படி இருந்தது. இழுத்தேன். ஆணி கழல பதினொரு நொடி ஆயிற்று.

அவருடைய அம்மாவைப் போய்ப் பார்த்தேன். தன் மகனுடன் எட்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டோமே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீயாவது அவன்கூட இருந்தியே" என்றார். ஆமாம் என்றேன்.

இன்னொன்றும் எழுதிவிட வேண்டும். முழு உண்மை என்று அடியில் அச்சடித்திருக்கிறீர்கள், அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். ஓடையில் அன்று கயிற்றை உருண்டையில் மாட்டியது என் கை. கேப்டன் அப்போது முழங்கால் சேற்றில் நின்று, தங்கை வண்டியின் கொக்கியில் மறுமுனையை மாட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கைக்கு எட்டியது உருண்டை. உருண்டு திரண்டு, அதற்கென்றே செய்தது மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் என் தோளை அழுத்திப் பிடித்தார். சட்டை முழுக்கச் சேறு. "நீ வாயே திறக்காத மாப்பிள்ளை. உன்னால தாங்க முடியாது. மாட்டினது நான். அம்மா கேட்டாலும் அதான், போலீஸ் கேட்டாலும் அதான்." சொன்னபடியே சொன்னார். ஒருவர் எட்டு மாதம் ஒரே குற்றத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டே இருந்தால் கேட்கிறவன் என்ன செய்வான். நானும் நம்பினேன்.

டீச்சரை அனுப்பிவிடுங்கள். மாட்டியாச்சா என்று கேட்டார், மாட்டியாச்சு என்றேன், நம்பினார். ஒருவரை நம்புவது குற்றமாகாது. கேப்டனும் அன்று ஓடையில், வண்டியில் ஏறுமுன், கதவைப் பிடித்தபடி, "மாட்டிட்டியா மாப்பிள்ளை?" என்று கேட்டார்தான். மாட்டிட்டேன் என்று நானும் சொன்னேன்தான். ஆனால் அவர் நாலு எட்டு பின்னால் வந்து ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என் மனைவியின் சாவுக்கு அவர்தான் காரணம்.