பதில் போடாத கேள்வி

காலையில்தான் ஜனங்கள் கைப்பேசியைப் பொறுமையாகப் பார்க்கிறார்கள். பல் தேய்த்துக்கொண்டு, பேருந்துக்கு நின்றுகொண்டு. அதனால் எதையும் காலையில்தான் வெளியிடுவேன். நீங்கள் விசாரிக்கிற பதிவும் காலையில் போட்டதுதான்.

எனக்கு அலுத்துவிட்டது ஐயா, சுற்றி வளைக்கத் தெம்பில்லை. தலை நரைக்கும்வரை சர்க்கரை நோயை ஆராய்ந்தவன் நான். எழுதிய கட்டுரையெல்லாம் கிணற்றில் போட்ட கல். ஆய்வாளர்கள் இனி சமூக ஊடகத்தில் மக்களோடு பேச வேண்டும் என்று எங்கள் நிறுவனத்தில் சொன்னார்கள். சரி என்று உட்கார்ந்து திட்டம் போட்டேன். யாருக்குச் சொல்கிறோம், எந்தப் படம், எப்போது பதில் சொல்வது. ஒரு பதிவுக்கு ஒரே கருத்து. ஏனோதானோ என்று வேலை செய்கிற ஆள் நான் இல்லை.

ஆய்வு சின்னதுதான். நோய் புதிதாக வந்த சிலருக்கு, மருத்துவர் கண்காணிப்பில், உணவையும் நடையையும் மாற்றினோம். அதில் சிலருக்கு இன்சுலின் ஊசியைக் குறைக்க முடிந்தது. பதிவில் நான் எழுதியது, “ஊசிக்கு விடைகொடுக்கலாம்.” குப்பைக்கூடையில் ஒரு ஊசி கிடக்கிற படம்.

எங்கள் புள்ளியியல்காரி அதைப் படித்துவிட்டு என் மேஜைக்கே வந்தாள்.

“சார், டாக்டரைக் கேக்காம ஊசிய நிறுத்தாதீங்கன்னு ஒரு வரி சேத்துருங்க.”

“செய்யாதேன்னு சொன்னா விரல் நிக்காதும்மா. தள்ளிட்டுப் போயிடும்.”

“விரல் போனாப் போகட்டும் சார். ஆள் போயிடக் கூடாதுல்ல?”

“கட்டுரையில தெளிவா இருக்கே.”

“அத யாரு சார் படிக்கிறா? நீங்களே தினம் அதச் சொல்லித்தான புலம்புறீங்க?”

சிரித்துவிட்டேன். நல்ல பெண், வாய்தான் கொஞ்சம் நீளம்.

பதிவு பிய்த்துக்கொண்டு போனது. அத்தனை வருட உழைப்பில் முதல் தடவையாக நான் சொன்னதை யாரோ கேட்டார்கள். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். என் திட்டத்தில் ஒரு விதி உண்டு. முதல் நாள் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கூடாது. பதில் வந்தால் பேச்சு அடங்கிவிடும். தொங்கவிட்டால் ஆளாளுக்கு மல்லுக்கு நிற்பார்கள், பதிவு இன்னும் பரவும்.

மதியம் ஒரு பெண் கேட்டிருந்தாள். “எங்க வீட்டுக்காரர் சின்ன வயசுலேருந்து ஊசி போடுறாரு. இனிமே நிறுத்திடலாமா? தயவுசெஞ்சு சொல்லுங்க.” கேட்டவளின் பெயருக்குப் பக்கத்திலிருந்த சின்னப் படத்தில் இருந்தது என் அண்ணனுடைய பைக். கேட்டது என் அண்ணி.

சின்ன வயதிலிருந்து ஊசியில் இருப்பவர் அதை நிறுத்தினால் சில நாள்கூடத் தாங்காது. அது எனக்குத் தெரியாதா. அண்ணி போன் செய்தாள், எடுக்கவில்லை. “தம்பி, போனை எடுங்க. உங்கண்ணன் ஊசி போட மாட்டேங்குறாரு. என் தம்பியே சொல்லிட்டான்னு அடம்புடிக்கிறாரு” என்று செய்தி அனுப்பினாள். கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணிக்கு ஓட்டை வாய். எழுதினவரே கூடாதுன்னுட்டார் என்று அங்கேயே போட்டுவிடுவாள், அதோடு பதிவு படுத்துவிடும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். மறுநாளும் பதிவு ஏறிக்கொண்டேதான் இருந்தது.

மருத்துவமனை வராந்தாவில் அண்ணி அழவில்லை. என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“என் கேள்விய எல்லாத்துக்கும் மேல வச்சிருந்தீங்களே தம்பி, ஏன்? ‘பாரு, தம்பி பாத்துட்டான், தப்புன்னா திட்டியிருப்பான்ல’ன்னு சொல்லிச் சொல்லியே உங்கண்ணன் ஊசியத் தொடல.”

“அது தானா நடக்குறது அண்ணி. மெஷின் பண்றது” என்றேன்.

மெஷின் பண்ணவில்லை. நான்தான் பண்ணினேன். அவ்வளவு நல்ல கேள்வி கீழே அமுங்கிப்போகக் கூடாது என்று மேலே நிறுத்தி வைத்தேன். அதன் கீழேதான் சண்டை அதிகம் நடந்தது. அண்ணன் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இதை வெளியிடுவதாக இருந்தால் காலையில் வெளியிடுங்கள் ஐயா. நாலு பேருக்குப் பாடமாக இருக்கும். கீழே யாராவது ஏதாவது கேட்டால் மட்டும், உடனே பதில் போட்டுவிடாதீர்கள்.